மார்வலியும் மணித்துளியும்

(கெடா மாநிலம், செர்டாங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடைபெற்ற சுகாதாரக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் நிகழ்த்திய உரை.)



இருதய நோயைக் கண்டறிவது பற்றியும் அதற்குரிய சிகிச்சை பற்றியும் மருத்துவ ஆராய்ச்சி நமக்குக் கற்பித்தவை யாவை என்று பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். ஆராய்ச்சி என்றதும் அது பட்டணத்து டாக்டர்களின் சங்கதி, பால்வெட்டும் நமக்கு அதனால் ஆவதென்ன என்று சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணியவன்தான். ஆகவே, ஒரு சொந்தக் கதையிலிருந்து தொடங்க அனுமதி வேண்டுகிறேன்.

நான் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவன். என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். 1984 ஆம் ஆண்டில் ஒரு நாள் விடியற்காலை, பெரட்டு முடிந்து நிரைக்குச் சென்றவர், நாற்பது ஐம்பது மரங்களை வெட்டியதும் கத்தியை வைத்துவிட்டு ஒரு மரத்தடியில் அமர்ந்துவிட்டார். மார்பின் நடுவில் யாரோ கல்லை ஏற்றி வைத்தாற்போல் இருக்கிறது என்றாராம். இடக்கை கனத்தது, உடல் வியர்த்தது. பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்த என் தாயார் ஓடி வந்து பார்த்திருக்கிறார். "வாயுவாக இருக்கும், பாலை எடுத்துவிட்டுப் போகலாம்" என்றார் தந்தையார். பாலை எடுத்தார்கள், நிறுவைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வீட்டுக்கு வந்து இஞ்சிக் கஷாயம் குடித்தார். மார்பில் தைலம் தேய்த்தார்கள். மறுநாள் காலை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது இருபத்து நான்கு மணி நேரம் கடந்திருந்தது. அன்று மாலையே அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

அந்த ஒரு நாள் தாமதத்தின் விலை என்ன என்பதை, பின்னர் மருத்துவ உதவியாளனாகப் பணியேற்றுப் படித்தபோதுதான் நான் அறிந்தேன். நான் அறிந்ததை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

மாரடைப்பு என்பது யாது?

இருதயம் ஒரு தசை. அது ஓயாமல் உழைக்கிறது; உழைக்கும் தசைக்கு இரத்தம் வேண்டும். அந்த இரத்தத்தை அதற்குக் கொண்டு சேர்ப்பவை இருதயத்தின் மேல் படர்ந்துள்ள நாளங்களாகும். புகையிலை, உயர் இரத்த அழுத்தம், இனிப்பு நீர், கொழுப்பு ஆகியவற்றால் இந்நாளங்களின் உட்சுவரில் பல்லாண்டுகளாகப் படிவு சேர்கிறது. ஒருநாள் அப்படிவு வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகி, நாளத்தை அடைத்துவிடுகிறது. அந்நாளத்தை நம்பியிருந்த தசை, இரத்தமின்றிச் சிறிது சிறிதாக மடியத் தொடங்குகிறது.

இதனை உங்களுக்கு விளக்க வெளியே உவமை தேட வேண்டியதில்லை. காலையில் மரத்தை வெட்டுகிறோம். பால் மங்கில் சொட்டுகிறது. சில மணி நேரத்தில் அது தானே நின்றுவிடுகிறது. மரத்தில் பால் வற்றிவிட்டதா? இல்லை. வெட்டுவாயிலுள்ள நுண்குழாய்களின் நுனியில் பால் உறைந்து அடைத்துக்கொள்கிறது. மரத்திற்கு அது காயத்தை ஆற்றும் வழி. நம் உடலிலும் இரத்தம் உறைவது காயத்தை ஆற்றவே ஏற்பட்டது. வெளிக்காயத்தில் நம்மைக் காக்கும் அதே உறைவு, இருதய நாளத்தினுள்ளே ஏற்படும்போது உயிருக்கு உலையாகிறது.

இன்று இதனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் உறைகட்டிதான் மாரடைப்புக்குக் காரணமா, அல்லது மாரடைப்புக்குப் பிறகு உண்டாகும் விளைவா என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் வாதிட்டது. 1980 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டாக்டர் டிவுட் என்பாரும் அவருடைய குழுவினரும், மாரடைப்பு நோயாளர் 322 பேரின் நாளங்களில் சாயம் செலுத்திப் படம் பிடித்து வெளியிட்டனர். நோய் கண்ட நான்கு மணி நேரத்திற்குள் வந்தவர்களில் நூற்றுக்கு 87 பேருக்கு நாளம் முற்றாக அடைபட்டிருந்தது. நேரம் கழித்து வந்தவர்களிடம் அந்த விகிதம் குறைந்திருந்தது. அடைப்புத்தான் முதலில் வருகிறது என்று தெளிவாயிற்று. அடைப்பே காரணமென்றால், அடைப்பைக் கரைத்தால் உயிரைக் காக்கலாமன்றோ? அடுத்த ஆராய்ச்சி அங்கே தொடங்கியது.

மணிக்கு மணி குறையும் பலன்

உறைகட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்னும் மருந்தை இத்தாலி நாட்டு மருத்துவர்கள் 11,806 நோயாளர்களைக் கொண்டு சோதித்தனர். சீட்டுக் குலுக்குவது போன்ற முறையால் ஒரு பாதியினருக்கு அம்மருந்தும், மறு பாதியினருக்கு அன்று வழக்கத்திலிருந்த சிகிச்சையும் அளிக்கப்பட்டன. முடிவு 1986 ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோய் கண்ட ஒரு மணி நேரத்திற்குள் மருந்து பெற்றவர்களிடையே மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மூன்று மணி நேரத்திற்குள் பெற்றவர்களுக்குக் கால்பங்கை ஒட்டிய பலன் கிட்டியது. ஆறு மணி நேரம் கடந்து பெற்றவர்களுக்கு அந்த ஆராய்ச்சியில் குறிப்பிடத்தக்க பலன் காணப்படவில்லை.

மருந்து ஒன்றே, மனிதர்களும் ஒரே நோய் கண்டவர்களே. வேறுபட்டது கடிகாரம் மட்டுமே.

என் தந்தையார் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து இந்தச் செய்தி வந்தது. அவர் உடனே மருத்துவமனைக்குச் சென்றிருந்தாலும் அன்று அம்மருந்து கிடைத்திருக்குமா என்று நான் பல இரவுகள் யோசித்ததுண்டு. அன்று இந்த அறிவு இல்லை. இன்று அறிவும் உண்டு, மருந்தும் உண்டு. ஆயினும் "வாயுவாக இருக்கும்" என்னும் சொல் மட்டும் நம் லயன்களைவிட்டு இன்னும் போகவில்லை. நான் இங்கு வந்து நிற்பதற்குக் காரணம் அதுவே.

ஆஸ்பிரினும் ராசி பலனும்

1988 ஆம் ஆண்டில் இதனினும் பெரிய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு வெளியாயிற்று. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று, 16 நாடுகளிலுள்ள 417 மருத்துவமனைகளில், 17,187 நோயாளர்களைக் கொண்டு நடத்தியது அது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி, மலிவான ஆஸ்பிரின் மாத்திரை, இரண்டும் சேர்த்து, இரண்டும் இல்லாமல் என நோயாளர்கள் நான்கு பிரிவினராயினர். எதுவுமே பெறாதவர்களில் நூற்றுக்கு 13 பேர் ஐந்து வாரங்களுக்குள் மாண்டனர். இரண்டையும் பெற்றவர்களில் நூற்றுக்கு 8 பேரே மாண்டனர். அதாவது நூறு குடும்பங்களில் ஐந்து குடும்பத் தலைவர்கள் வீடு திரும்பினார்கள். பாலில் அமோனியா கலந்தால் அது உறையாதிருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆஸ்பிரின் இரத்தத்திலுள்ள நுண்தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தடுத்து, அதையொத்த வேலையைச் செய்கிறது.

இந்த ஆராய்ச்சியில் ஒரு வேடிக்கையும் உண்டு. வயது வாரியாக, பால் வாரியாக எனச் சிறு சிறு பிரிவுகளாகப் பிரித்து, யார் யாருக்குப் பலன் என்று தனித்தனியே சொல்லுமாறு அவ்வாய்வாளர்களைக் கேட்டனர். அப்படிப் பிரித்துப் பார்ப்பது எத்தனை ஏமாற்றக்கூடியது என்று காட்ட அவர்கள் விரும்பினார்கள். நோயாளர்களை மேனாட்டு முறையில் பிறந்த ராசிப்படியும் பிரித்து வெளியிட்டார்கள். மிதுன ராசிக்காரர்களுக்கும் துலா ராசிக்காரர்களுக்கும் ஆஸ்பிரினால் பலனில்லை, மற்ற ராசியினருக்கெல்லாம் பெரும்பலன் என்று கணக்கு வந்தது! ராசி பார்த்து மருந்து கொடுங்கள் என்பது அவர்கள் கருத்தன்று. பெரிய கூட்டத்தைச் சிறு துண்டுகளாக்கினால் தற்செயலும் உண்மைபோல் தோற்றமளிக்கும் என்பதே அவர்கள் உணர்த்திய பாடம்.

இப்பாடம் நமக்கும் மிகத் தேவையானது. "மேல் வீட்டுக்காரர் அந்த மாத்திரையைச் சாப்பிட்டார், அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கீழ் வீட்டுக்காரர் வேர்க் கஷாயம் குடித்தார், நன்றாக இருக்கிறார்" என்று நாம் பேசிக்கொள்கிறோம். ஒருவர் இருவரைப் பார்த்து மருந்தைத் தீர்மானிப்பது, ஒரே மரத்தின் பாலைப் பார்த்துத் தோட்டத்தின் விளைச்சலைச் சொல்வது போன்றதாகும். பல்லாயிரம் பேரைச் சமமாகப் பிரித்துப் பார்த்துத்தான் உண்மையை அறிய முடியும்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பிரின் நல்லது என்று கேட்டவுடன் கடையில் வாங்கித் தினமும் விழுங்கிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இருதய நோயில்லாத முதியவர்கள் 19,114 பேரிடம் நடத்தி, 2018 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி, அவர்களுக்குத் தினசரி ஆஸ்பிரினால் நன்மையில்லை, இரத்தக் கசிவே மிகுந்தது என்று காட்டியது. காய்ச்சல் கண்டபோது ஆஸ்பிரினைத் தொடவே கூடாது. டிங்கிக் காய்ச்சலாயிருந்தால் பேராபத்து விளையும். நோயாளிக்கு அமுதமானது நோயில்லாதவருக்கு நஞ்சாகலாம். டாக்டர் எழுதிக்கொடுத்தவர் மட்டுமே உட்கொள்ள வேண்டும்.

நோயைக் கண்டறிவது எவ்வாறு?

மார்வலியுடன் வருபவருக்கு முதலில் செய்யப்படுவது இருதய மின்பதிவு, அதாவது ஈ.சி.ஜி. மார்பிலும் கை கால்களிலும் கம்பிகளை ஒட்டி, இருதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் கோடுகளாக வரைகிறார்கள். நோவு சிறிதும் இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். இக்கருவியை உருவாக்கிய டச்சு நாட்டு அறிஞர் ஐந்தோவனுக்கு 1924 ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அடுத்து இரத்தப் பரிசோதனை. இருதயத் தசை சேதமுறும்போது ட்ரோபோனின் என்னும் பொருள் இரத்தத்தில் கலக்கிறது; அதனை அளந்து பார்க்கிறார்கள். முதல் பரிசோதனையில் தெரியாதது சில மணி நேரம் கழித்துத் தெரியலாம். ஆகையால் "காத்திருங்கள், மீண்டும் சோதிக்க வேண்டும்" என்று டாக்டர் சொன்னால், கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டுவிடாதீர்கள்.

தேவைப்பட்டால் கை அல்லது தொடை நாளத்தின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, இருதய நாளங்களைப் படமெடுக்கிறார்கள். அதே வழியில் சிறு பலூனைச் செலுத்தி அடைப்பை விரிக்கவும் இயலும். இம்முறையை டாக்டர் குருன்சிக் என்பவர் 1977 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார். இன்று பினாங்கு மருத்துவமனையிலும் அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனையிலும் இருதயச் சிறப்பு மருத்துவர்கள் இச்சிகிச்சையை அளிக்கின்றனர்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டும்: மாரடைப்பு எல்லாருக்கும் ஒரே வடிவில் வருவதில்லை. பெண்களுக்கும், முதியோருக்கும், இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் கடும் மார்வலி இல்லாமலே மூச்சுத் திணறல், குமட்டல், தாடையிலோ முதுகிலோ வலி, காரணமற்ற களைப்பு, குளிர்ந்த வியர்வை என்று வரலாம். "எனக்கென்ன நோய் வரப்போகிறது" என்று அடுப்படியில் நின்றபடியே பொறுத்துக்கொள்ளும் நம் தாய்மார்களின் பொறுமை, இந்த ஒரு காரியத்தில் குணமன்று, குற்றமாகும்.

நம்மவர் நிலைமை

"நாங்கள் உடலுழைப்பாளிகள், பணக்காரர் நோய் எங்களுக்கு வராது" என்பர் சிலர். இதில் பாதி உண்மையுண்டு. லண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில், அமர்ந்தே ஓட்டும் ஓட்டுநரைவிடப் படியேறி இறங்கும் நடத்துநருக்கு இருதய நோய் குறைவு என்று டாக்டர் மோரிஸ் 1953 ஆம் ஆண்டிலேயே காட்டினார். ஆனால் உழைப்பு தரும் காப்பைச் சிகரெட்டும், கருவாட்டு உப்பும், சர்க்கரை மிகுந்த தேநீரும், கவனியாத இரத்த அழுத்தமும் தின்றுவிடுகின்றன. மேலும், தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்த உழைப்பும் இல்லை.

52 நாடுகளில் நடத்தி 2004 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட இன்டர்ஹார்ட் ஆராய்ச்சி, முதல் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பது பங்கை ஒன்பது காரணங்களாலேயே விளக்கிவிடலாம் என்று கண்டது. புகைத்தல், கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன் ஆகியன அவற்றுள் சில. அதே ஆராய்ச்சியில், இந்தியா முதலிய தெற்காசிய நாட்டினருக்கு முதல் மாரடைப்பு 53 வயதையொட்டியும், மற்ற நாட்டினருக்கு 59 வயதையொட்டியும் வருவது தெரிந்தது. ஆறு ஆண்டுகள் என்பது சிறிதன்று. ஒரு பிள்ளை தொடக்கப் பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம் அது.

இந்தியாவில் 89 மருத்துவமனைகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர்களைப் பதிவுசெய்து 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, கடும் மாரடைப்புக் கண்டவர்களில் பாதிப்பேர் மருத்துவமனையை அடைய ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது என்றது. ஏழைகளுக்கு உயர்ந்த சிகிச்சை குறைவாகவே கிட்டியது என்றும் அது எடுத்துரைத்தது. இதைக் கண்டு மனம் சோராமல் வழி தேடியவர்கள் தமிழ்நாட்டு மருத்துவர்கள். கோயம்புத்தூரையும் சென்னையையும் சார்ந்த இருதய மருத்துவர்கள் முன்னின்று, 35 சிறு மருத்துவ நிலையங்களை 4 பெரிய மருத்துவமனைகளோடு இணைத்தனர். சிற்றூரில் ஈ.சி.ஜி. எடுத்து, உறைகட்டி கரைக்கும் மருந்தை அங்கேயே தொடங்கி, பின்னர் ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது திட்டம். 2,420 நோயாளர்களைக் கண்காணித்து 2017 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். திட்டத்திற்கு முன் ஓராண்டுக்குள் நூற்றுக்கு 17.6 பேர் மாண்டனர்; திட்டத்திற்குப் பின் அது 14.2 ஆகக் குறைந்தது. சிற்றூரில் இருப்பதே சாவுக்குக் காரணமாக வேண்டியதில்லை என்பதற்கு இதுவே சான்று.

நம் மலேசியாவிலும் பெருமைப்படத்தக்க ஆராய்ச்சி ஒன்று நடந்தது. மலேசியாவிலும் கொலம்பியாவிலும் 30 ஊர்களில், இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காத 1,371 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட அதன் முடிவு 2019 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சில ஊர்களில் வழக்கமான சிகிச்சை. மற்ற ஊர்களில், டாக்டரல்லாத சுகாதாரப் பணியாளர்கள் மக்களைக் கண்டு அளந்து ஆலோசனை கூறினர். டாக்டரின் மேற்பார்வையில் மருந்து இலவசமாகக் கிட்டியது. அதனை உட்கொள்ளச் செய்யக் குடும்பத்தினரோ நண்பரோ ஒருவர் துணையாக அமர்த்தப்பட்டார். ஓராண்டின் முடிவில், வழக்கமான ஊர்களில் நூற்றுக்கு 30 பேருக்கே இரத்த அழுத்தம் கட்டுப்பட்டது; மற்ற ஊர்களில் 69 பேருக்குக் கட்டுப்பட்டது. மருந்துகள் புதியனவல்ல. "இன்று மாத்திரை சாப்பிட்டாயா?" என்று கேட்க வீட்டில் ஓர் ஆள் இருந்ததும் அம்மருந்தின் ஒரு பகுதியே ஆகும்.

நாம் சோதனைப் பொருள்களா?

"ஆராய்ச்சி என்று சொல்லி எங்களை எலிகளாக்குவார்களோ?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. ஏழைகளை ஏமாற்றி நடத்திய கொடிய சோதனைகள் உலக வரலாற்றில் உண்டு. அதனால்தான் 1964 ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி நகரில் உலக மருத்துவச் சங்கம் நெறிமுறைகளை வகுத்தது. ஆராய்ச்சியை முதலில் ஒழுக்க நெறிக் குழு ஆராய்ந்து இசைவு தரவேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கம் கூறவேண்டும். நீங்கள் மனமுவந்து கையெழுத்திட வேண்டும். மறுக்கலாம், பாதியில் விலகலாம், அதனால் உங்களுக்குரிய சிகிச்சை குறையக்கூடாது. விளங்காத தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். விளங்கியபின் அஞ்சியும் ஒதுங்காதீர்கள். முன்பின் அறியாத பல்லாயிரம் பேர் சம்மதித்ததனால்தான் இன்று நம் உயிரைக் காக்கும் மருந்து நமக்குக் கிட்டியிருக்கிறது.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவது: மார்பில் அழுத்தமோ இறுக்கமோ தோன்றிச் சில நிமிடங்களில் தணியாவிட்டால், அல்லது வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால், அது மாரடைப்பு என்றே கொள்ளுங்கள். வாயுவா, அல்லவா என்பதை ஈ.சி.ஜி. தீர்மானிக்கட்டும்.

இரண்டாவது: வேலையை அவ்விடத்திலேயே நிறுத்துங்கள். பால் கெட்டால் ஒரு நாள் கூலி போகும், அவ்வளவே. தனியாக நிரைக்குச் செல்வோர் கைப்பேசியைக் கையோடு வைத்திருங்கள்.

மூன்றாவது: 999 எண்ணை அழையுங்கள். சிலாங்கூரிலும் ஒரு செர்டாங் உண்டு; ஆகவே "கெடா, பண்டார் பாரு மாவட்டம், செர்டாங்" என்று தெளிவாகக் கூறி, தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் சொல்லுங்கள். தோட்டத்துக்குள் திரும்பும் சாலை முனையில் ஒருவர் கைவிளக்குடன் நிற்கட்டும். நோயாளி தானே மோட்டார் சைக்கிள் ஓட்டிச் செல்லவே கூடாது.

நான்காவது: நாற்பது வயதைக் கடந்தோர் இரத்த அழுத்தம், இனிப்பு நீர், கொழுப்பு மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். அரசாங்கச் சுகாதார மருந்தகம் அதற்காகவே இருக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களில் நாற்பது வயதானவர்களுக்கான பெகா பி40 திட்டத்தின் இலவசப் பரிசோதனை பற்றியும் அங்கே விசாரியுங்கள். கொடுத்த மாத்திரையை, உடம்பு நன்றாயிருக்கிறது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். மாத்திரையால்தான் அது நன்றாயிருக்கிறது.

ஐந்தாவது: சிகரெட்டை விடுங்கள். எந்த வயதில் விட்டாலும் பலனுண்டு.

பெருமக்களே, என் தாயார் இறக்கும்வரை ஒரே ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: "அன்று அந்தப் பாலை எடுக்காமல் விட்டிருக்கலாம்." பால் நாளையும் சுரக்கும், மரம் மறுநாளும் நிற்கும். போன மணித்துளி மட்டும் மீளாது. இன்று வீடு திரும்பியதும், "எனக்கு மார்வலி வந்தால் என் சொல்லைக் கேளாதே, ஆம்புலன்சை அழை" என்று உங்கள் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். அதுவே என் வேண்டுகோள்.